அடியில்லாத வாளி

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

ஒரு காலத்தில் தெருமுனையில் இந்தக் குரல் கேட்டதும் பிள்ளைகள் கொல்லைப்புறத்துக்கு ஓடுவார்கள். துருப்பிடித்த ஆணி, உடைந்த அரிவாள், ஓட்டைச் செம்பு என்று கையில் அகப்பட்டதை அள்ளி வருவார்கள். ஒரு கைப்பிடி பேரீச்சம்பழம் கிடைக்கும். இன்று பேரீச்சம்பழம் போய், வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி வந்துவிட்டது. ஆனால் தராசு மட்டும் மாறவில்லை. அதற்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும்: "எத்தனை கிலோ?"

மாணவ நண்பர்களே! விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வீட்டில் பழைய மாட்டுத் தொழுவத்தை இடிக்கப் போகிறார்கள். பரணில் இருந்ததெல்லாம் முற்றத்தில் குவிந்து கிடக்கிறது. சனிக்கிழமை காயலான் கடை வண்டி வரும். இன்று வியாழக்கிழமை. உங்களுக்கு இரண்டு நாள் இருக்கிறது.

குவியலில் ஒரு பெரிய இரும்பு வாளி தெரிகிறது. தூக்கிப் பார்த்தால் அதற்கு அடிப்பாகமே இல்லை. பெரிய வட்ட ஓட்டை! "அடி போன வாளி, எடைக்குப் போடு" என்கிறார் ஒருவர். அவசரப்படாதீர்கள். அதன் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிலும் ஒரே இடைவெளியில் சிறு சிறு துளைகள். துருப்பிடித்து அடி உதிர்ந்திருந்தால் இத்தனை ஒழுங்கான துளைகள் எப்படி வரும்? யாரோ அளந்து போட்ட துளைகள் இவை. அப்படியானால் இந்த வாளி உடைந்ததல்ல, அடியில்லாமலே செய்யப்பட்டது!

எதற்காக? அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

தேய்க்காதீர்கள்!

பழைய பொருளைக் கண்டதும் நம் கை முதலில் தேடுவது தேய்க்கும் நாரையும் புளியையும்தான். அது வேண்டாம். துருவுக்குள்ளும் அழுக்குக்குள்ளும் செய்தி ஒளிந்திருக்கிறது. நம் வாளியின் துளைகள் ஒன்றிரண்டில் கறுத்துச் சுருண்ட ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால் தோல் துணுக்கு! உப்புத்தாளால் தேய்த்திருந்தால் அந்தத் துப்பு தூசியோடு போயிருக்கும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுப் பல முறை தேய்த்தால் அதில் வெட்டிய பெயரும் முத்திரையும் சிறிது சிறிதாக மங்கிவிடும். இப்போதைக்கு உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். பழைய குவியலில் பாம்பும் தேளும் இருக்கலாம். பெரியவர் ஒருவர் துணையோடு கிளறுங்கள். இரண்டாவது, துரு குத்தினால் 'டெட்டனஸ்' எனும் இசிவு நோய் வரும் என்பார்கள். நோயைத் தருவது துரு அல்ல. மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் காயத்தில் புகுவதே காரணம். தொழுவத்துக் கருவிகளில் அவை இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே காயம் பட்டால் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்றாவது, பூச்சிமருந்து தெளித்த பழைய தெளிப்பானையும் மருந்து டப்பாக்களையும் தொடவே கூடாது. விவசாயத்தில் டி.டி.டி. 1989-லும் எண்டோசல்பான் 2011-லும் தடை செய்யப்பட்டன. ஆனால் பரணில் கிடக்கும் டப்பாவுக்குத் தடை உத்தரவு தெரியாதே!

ஐந்து கேள்விகள்

தெரியாத கருவி கையில் கிடைத்தால் அதனிடமே ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: நீ எதனால் ஆனாய்? ஒரு காந்தம் இருந்தால் இரும்பையும் பித்தளையையும் உடனே பிரித்துவிடலாம். காந்தத்தில் ஒட்டாதது பித்தளையா, செம்பா என்ற ஐயம் வந்தால் ஆர்க்கிமிடீசைத் துணைக்கு அழையுங்கள். பொருளை எடை போடுங்கள். விளிம்புவரை நீர் நிரப்பிய பாத்திரத்தில் முழுகவிட்டு, வழியும் நீரை அளவிடுங்கள். எடையைக் கனஅளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். கன சென்டிமீட்டருக்குச் செம்பு ஏறத்தாழ 8.9 கிராம், பித்தளை அதைவிடச் சற்றுக் குறைவு, பெரும்பாலும் 8.4 முதல் 8.7 வரை. இரும்பு 7.9; அச்சில் வார்த்த இரும்பு இன்னும் குறைவு, ஏறத்தாழ 7.2.

இரண்டாம் கேள்வி: உன்னை எப்படிச் செய்தார்கள்? கொல்லர் உலையில் காய்ச்சி அடித்த இரும்பில் சம்மட்டி பட்ட பள்ளங்கள் தெரியும். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இராது. அச்சில் வார்த்ததில், அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரி ஓடும். தொழிற்சாலைப் பொருளில் எண்ணோ முத்திரையோ இருக்கும். மின்சார வெல்டிங்கில் பற்றவைத்த தழும்பு இருந்தால், அந்தச் செப்பனீடாவது அந்த வட்டாரத்துக்கு மின்சாரம் வந்த பிறகு நடந்தது என்று சொல்லலாம்.

மூன்றாம் கேள்வி: நீ எங்கே தேய்ந்திருக்கிறாய்? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கை பிடித்த இடம் வழவழப்பாக இருக்கும். கயிறு ஓடிய இடத்தில் பள்ளம் விழும். மண்ணில் உரசிய முனை மழுங்கும். தேய்மானம் என்பது கருவி தானே எழுதிவைத்த நாட்குறிப்பு.

நான்காம் கேள்வி: உன்னோடு சேர்ந்தது எது? துளை இருந்தால் அதில் ஏதோ பொருந்தியிருந்தது. வளையம் இருந்தால் எதையோ மாட்டினார்கள். பாதிக் கருவியை வைத்துக்கொண்டு மீதியை ஊகிக்கலாம்.

ஐந்தாம் கேள்வி: உன் பெயர் என்ன? இதற்குக் கருவி பதில் சொல்லாது. வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வாளி பேசுகிறது

இப்போது நம் அடியில்லாத வாளிக்கு வருவோம். பொருள், இரும்புத் தகடு. தகடுகளை ரிவிட் ஆணி அடித்து இணைத்திருக்கிறார்கள். மேல் விளிம்பின் குறுக்கே வளைந்த தடித்த இரும்பு. அதன் நடுவில் கயிறோ கொக்கியோ உரசிய தேய்மானம். கீழே வரிசைத் துளைகள்; துளையில் தோல் துணுக்கு. ஆக, அடிப்பாகத்தில் தோல் தைத்திருக்கிறார்கள். பாட்டியிடம் கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: "கமலைக் கூனைடா!"

தென்மாவட்டங்களில் கமலை என்றும், கொங்கு நாட்டிலும் வடக்கேயும் கவலை என்றும் சொல்லப்பட்ட நீர் இறைக்கும் முறையின் உயிர்நிலை இந்த வாளிதான். இதைக் கூனை என்றும் சால் என்றும் அழைத்தார்கள். கூனையின் அடியில் யானைத் துதிக்கைபோல் நீண்ட தோல் குழாய் ஒன்று தைக்கப்பட்டிருக்கும். அதன் மறுமுனை திறந்தே இருக்கும்.

இருபுறமும் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் எப்படி நிற்கும்? இங்கேதான் நம் முன்னோரின் இயற்பியல் இருக்கிறது. கூனைக்கு இரண்டு கயிறுகள். தடித்த கயிறான வடம், கிணற்றுக்கு மேலே உயரத்தில் இருக்கும் உருளையின் வழியாகப் போய் மேல் விளிம்பைத் தாங்கும். மெல்லிய வால்கயிறு, தாழ்வாக உள்ள இன்னோர் உருளையின் மேல் போய்த் தோல் குழாயின் வாயைப் பிடித்திருக்கும். இரண்டின் மறுமுனைகளும் மாடுகளின் நுகத்தடியில் சேர்ந்திருக்கும். கூனை நீரில் மூழ்கி நிரம்பி எழும்போது, தோல் குழாய் மேல்நோக்கி மடிந்து, அதன் வாய் கூனையின் விளிம்பு மட்டத்துக்கு இருக்கும். நீர் தன் மட்டத்துக்கு மேலே உள்ள வாய் வழியாக ஓடாதல்லவா? எனவே ஒரு சொட்டும் கீழே கொட்டாது. கிணற்று மேட்டை எட்டியதும் வடம் கூனையை இன்னும் மேலே இழுக்கும். வால்கயிறோ குழாயின் வாயைத் தாழ்ந்த உருளையின் மேலாகத் தொட்டிப் பக்கம் இழுத்துவிடும். இப்போது வாய் தாழ்ந்துவிட்டது. நீர் தானாகவே தொட்டியில் கொட்டிவிடும். கூனையைக் கவிழ்க்கக் கிணற்றடியில் ஓர் ஆள் தேவையில்லை. இரண்டு கயிறுகளின் நீளத்தைச் சரியாக வைத்ததே அந்த ஆளின் வேலையைச் செய்துவிடுகிறது!

மாடுகள் நடக்கும் பாதையும் சமதரை அல்ல. கிணற்றடியிலிருந்து கீழ்நோக்கிச் சரியும் பள்ளம். சரிவில் இறங்கும்போது மாடுகளின் எடையும் இழுவைக்கு உதவுகிறது. ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தம் எடையையும் சேர்ப்பதுண்டு. கூனை காலியானதும் மாடுகள் பின்னோக்கி நடந்தே மேலேறும். கூனை மறுபடி கிணற்றில் இறங்கும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோமா? கூனையை ஓர் உருளையாக எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 50 செ.மீ., உயரம் 40 செ.மீ. என்றால் கனஅளவு 3.14 × 25 × 25 × 40 = 78,500 கன செ.மீ. அதாவது 78.5 லிட்டர். தோல் குழாயில் நிற்பதையும் சேர்த்து 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் நிறுத்த 2,02,350 லிட்டர் வேண்டும். ஆக, 2,000 முறைக்கு மேல் கூனை ஏறி இறங்க வேண்டும்! கிணற்றின் ஆழம் 10 மீட்டர் என்றால், மாடுகள் ஒவ்வொரு முறையும் 10 மீட்டர் இறங்கி 10 மீட்டர் ஏறும். மொத்தம் 40 கிலோமீட்டர் நடை. ஒரு முறைக்கு ஒரு நிமிடம் என்றாலும் 33 மணி நேரம். ஓர் ஏக்கருக்கு ஒரு தடவை நீர் பாய்ச்ச இத்தனை உழைப்பு! 1950, 60-களில் மின்சார மோட்டாரும் ஆயில் என்ஜினும் பரவியபோது உழவர்கள் ஏன் அவற்றை ஆவலோடு வரவேற்றார்கள் என்று இப்போது புரிகிறதா? பழைய முறை மட்டமானது என்பதல்ல காரணம். 40 கிலோமீட்டர்தான் காரணம்.

குவியலின் மற்ற பக்கங்கள்

இதே ஐந்து கேள்விகளோடு மற்றவற்றையும் பார்க்கலாம்.

நாட்டுக் கலப்பையின் நுனியில் செருகிய இரும்புக் கம்பிக்குக் கொழு என்று பெயர். உழ உழ அது தேயும். தேய்ந்தால் முன்னுக்குத் தள்ளி இறுக்குவார்கள். கையில் கிடைத்தது ஒரு சாண் நீளமே என்றால், மீதி நீளம் உங்கள் வயலின் மண்ணில் கலந்துவிட்டது என்று பொருள். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால், உழுதவர் கலப்பையைச் சாய்த்துப் பிடித்தாரோ என்று ஊகிக்கலாம். நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறும், புரட்டாது. மண்ணைப் புரட்டும் வளைந்த தகடு உள்ள இரும்புக் கலப்பை உங்கள் குவியலில் இருந்தால் அது வேறு வரலாறு. சென்னை சைதாப்பேட்டையில் 1865-இல் தொடங்கிய அரசுச் சோதனைப் பண்ணையில் இத்தகைய மேல்நாட்டுக் கலப்பைகளைச் சோதித்தார்கள். பின்னர் 1910-இல் மகாராஷ்டிரத்தில் லட்சுமணராவ் கிர்லோஸ்கர் அமைத்த கிர்லோஸ்கர்வாடியில் இந்தியத் தயாரிப்பாகவே இரும்புக் கலப்பைகள் வெளிவந்தன. முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

கருக்கரிவாளின் விளிம்பில் ரம்பம்போல் பற்கள் இருக்கும். நெல் தாளை அது வெட்டுவதில்லை, அறுக்கிறது. பற்கள் மழுங்கினால் கொல்லர் உளியால் மறுபடி பல் வெட்டித் தருவார். ஒவ்வொரு முறையும் அலகு சற்றுக் குறுகும். எனவே மிகவும் குறுகிய அலகு, பல அறுவடைகளைக் கண்ட அலகு.

ஒரு முனை மட்டும் தடித்து, உடலில் வரிவரியாகக் கோடு வெட்டிய ஒரு மரத்தடி கிடைத்தால் விறகில் போட்டுவிடாதீர்கள். அது வெள்ளிக்கோல் எனும் பழைய தராசாக இருக்கலாம். தடித்த முனையே எடைக்கல். மறுமுனையில் பொருள் தொங்கும். தாங்கும் கயிற்றைக் கோடுகளின் மேல் நகர்த்தி, கோல் சமமாக நிற்கும் இடத்தைப் பார்ப்பார்கள். நெம்புகோல் தத்துவம்! கோடுகள் சமதூரத்தில் இராமல் ஒரு பக்கம் நெருங்கிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். ஏன் என்று யோசியுங்கள்.

நான்கு கயிறு கட்டிய கூடை என்றால் இறைகூடை; இருவர் எதிரெதிரே நின்று வீசி நீர் இறைத்தது. அடிப்புறம் வழவழப்பான நீண்ட கனத்த பலகை என்றால் பரம்பு; சேற்று வயலைச் சமன் செய்தது.

அளவைப் பாத்திரங்கள் கிடைத்தால் அவற்றைப் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கே கொண்டு போகலாம். 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. எல்லாம் இரண்டிரண்டாகவே பெருகுவதைப் பாருங்கள்! நீர் நிரப்பி அளவு ஜாடியில் ஊற்றி, மில்லிலிட்டரில் குறியுங்கள். நண்பர் வீட்டுப் படியையும் அளந்து ஒப்பிடுங்கள். ஊருக்கு ஊர் படி வேறுபட்டது. விற்கிறவரும் வாங்குகிறவரும் வேறு வேறு ஊர் என்றால் தகராறுதான். இதைத் தீர்க்க 1956-இல் சட்டம் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. பாத்திரத்தில் லிட்டர் என்று பொறித்திருந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது.

கல்லும் கருவிதான்

குவியலில் வழவழப்பான கல் ஒன்றும் கிடக்கலாம். ஒரு முனை கூராக, கையடக்கமாக இருந்தால் கவனியுங்கள். அது உழும்போது கிடைத்த புதிய கற்காலக் கோடரியாக இருக்கக்கூடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இத்தகைய கற்கோடரிகளை மரத்தடியில் வைத்து வணங்கும் வழக்கமும் உண்டு.

1863 மே மாதம் 30-ஆம் நாள் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லைப் பொறுக்கினார். அது பழைய கற்காலக் கருவி என்று கண்டுகொண்டார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. தாம் எடுத்ததை எங்கே எடுத்தோம் என்று அவர் குறித்து வைத்தார். அதனால் பிற்கால ஆய்வாளர்கள் அந்த இடத்துக்கே திரும்பிப் போய் முறையாக அகழ முடிந்தது. அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்ற முடிவு 2011-இல் வெளியாயிற்று. இடம் எழுதாத கல் வெறும் கல். இடம் எழுதிய கல் ஆராய்ச்சிப் பொருள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். வரலாற்று மதிப்புள்ள, 100 ஆண்டுக்குக் குறையாத பொருள்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யவோ, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாது.

என்ன விலை?

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்தக் கூனைக்கு என்ன விலை கிடைக்கும்?

காயலான் கடையில் இரும்பின் எடைக்கு விலை. பழம்பொருள் விற்பவரிடம் வேறு விலை. அது பொருள் முழுமையாக இருக்கிறதா, அரிதானதா, வாங்குபவருக்கு அதன்மேல் எத்தனை ஆசை என்பதைப் பொறுத்தது. மூன்றாவது மதிப்பு ஒன்று உண்டு. இந்தக் கூனை எந்தக் கிணற்றில் ஓடியது, யார் ஓட்டினார், தோலை யார் தைத்தார், எந்த ஆண்டு நின்றது என்பதெல்லாம் தெரிந்தால், அது உங்கள் ஊரின் நீர் வரலாற்றுக்கு ஒரு சான்று. அந்தச் செய்திகள் இல்லாவிட்டால் அதே கூனை வெறும் துருப்பிடித்த இரும்பு. கடைக்காரரின் தராசில் இரண்டுக்கும் ஒரே எடைதான்!

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தபால் அட்டையளவு தாளில் எழுதுங்கள்: வீட்டில் வழங்கும் பெயர், கிடைத்த இடம், நீளம், அகலம், எடை, பொருள், தேய்மானம், பயன்படுத்தியவர், கடைசியாகப் பயன்பட்ட ஆண்டு, சொன்னவர் பெயர், எழுதிய தேதி. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கைப்பட வரைந்தால் இன்னும் நல்லது, வரையும்போதுதான் கண் நன்றாகப் பார்க்கும். இரும்புக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். மரத்தை ஈரத் தரையில் வைக்காமல் கல்லின் மேல் உயர்த்தி வையுங்கள், கறையான் ஏறாது.

முடிந்தால் தாத்தாவை அந்தக் கருவியைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். மேழியை எந்தக் கை பிடித்தது, வடத்தில் எப்படி உட்கார்ந்தார், மாட்டுக்கு என்ன குரல் கொடுத்தார் என்று கேளுங்கள். இவை எந்த இரும்பிலும் பொறித்திராதவை. கூனையை இன்னும் 50 ஆண்டு பரணில் வைக்கலாம். கூனை ஓட்டத் தெரிந்தவரை அப்படி வைக்க முடியாது.

சனிக்கிழமை வண்டி வரும். எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டாம். வளைந்த தகரமும், கைப்பிடி போன பக்கெட்டும், பெயர் தெரியாத துருக்கட்டியும் போகட்டும். இரும்பு உருகி மறுபடி இரும்பாவதும் நல்லதுதான். கூனையும், கொழுவும், வெள்ளிக்கோலும், படியும் நிற்கட்டும். இடமில்லை என்று வீட்டில் சொன்னால், பள்ளியில் ஒரு மூலை கேட்டுப் பாருங்கள்.

இன்று வியாழக்கிழமை. வெயில் தாழ்ந்துவிட்டது. பாட்டி திண்ணையில்தான் இருக்கிறார். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள்.